விரல் பட்ட குழி

அரிசி களைந்த தண்ணீரை அம்சா மாடியில் செடித் தொட்டி ஒவ்வொன்றிலும் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"நேத்து ஊத்தினதே காயலை, வேர் அழுகுதக்கா," என்று கறிவேப்பிலைச் செடி முனகியது.

"நம்ம அம்சா ராசாத்திக்குப் பாசம் தாங்கலையாக்கும்," என்றது பக்கத்துத் தொட்டிக் கற்றாழை.

"முன்னெல்லாம் மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்ப்பா. காஞ்சிருந்தாத்தான் அடியில வழியுற வரைக்கும் ஊத்துவா. ஈரமா இருந்தா சும்மா பேசிட்டுப் போவா. பிள்ளை பிறந்ததிலிருந்து மூணு வேளையும் ஊத்திட்டு ஓடுறா," என்றது கறிவேப்பிலை.

சொல்லும்போதே அதன் மஞ்சள் இலையொன்று அம்சாவின் கையில் விழுந்தது. அவள் சட்டியைக் கீழே வைத்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்த விரல் மண்ணுக்குள் இறங்கியது.

"சதசதன்னு கிடக்கே. இனிமே காஞ்ச பிறகுதான் தண்ணி. அதுவரைக்கும் தினமும் சும்மா வந்து உன்கிட்ட..."

"அம்சா, பிள்ளை முழிச்சிட்டான்," என்று கீழேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

அவள் மிச்சத் தண்ணீரோடு இறங்கிப் போனாள். விரல் பட்ட குழி மூடிவிடாமல் கறிவேப்பிலை அதை வேரால் பிடித்துக்கொண்டது.