ஏழு வீட்டுக்கு ஒரே நட்சத்திரம்

சிரிங்க, சிரிங்க. நீங்கள்லாம் வீட்டை ஜோடிக்கற அழகு தெரியாதா இன்னா? ஒரு காகிதச் சங்கிலி ஒட்டறதுக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் நாலு நாள் பேசிக்க மாட்டீங்க. ஜெயபாலைப் பாருங்க. கவலையே இல்லாம ஒரே நாள்ல ஒரு தெருவையே ஜோடிச்சவன் அவன்.

ஒம்பதாவதுல பள்ளிக்கூடத்தை விட்டான். அப்புறம் மூணு வேலைக்குப் போய் மூணையும் விட்டான். வாயை மட்டும் விடல.

ஜப்பான்காரன் சண்டை நடந்துகினு இருந்த வருஷம். ரேஷன்ல கார்டுக்கு அரை பாட்டில் கிருஷ்ணாயில்தான். திருத்தணி வேதக்காரத் தெருவுல ஏழு வீடு. கிறிஸ்மஸுக்கு ஏழு வீட்டு மேலயும் காகித நட்சத்திரம் கட்டி, உள்ள விளக்கு வெக்கறது வழக்கம்.

"ஏழு விளக்கு ஏத்தினா, பாட்டு பாடறவங்க வர்றதுக்குள்ள ஏழும் அணைஞ்சிடும்"னான் ஜெயபால். "எல்லார் எண்ணெயையும் ஒண்ணா ஊத்துங்க. தெருவுக்கு ஒரே நட்சத்திரம். எண்ணெய்க் கவலையும் இல்ல, உன்து பெருசா என்து பெருசான்ற சண்டையும் இல்ல. பெத்லகேம்லயே ஒண்ணுதானே இருந்துச்சி?"

எல்லாரும் தலையாட்டினாங்க. யார் வீட்டு மேல கட்டறதுன்னு கேட்டதும் ஆட்டம் நின்னுபோச்சி.

"இதுல இன்னா கேள்வி? எங்க வீட்டுலதான்" னாங்க பிரேமகுமாரி அத்தை. "மேட்டுல இருக்குது. ரயிலடியில இருந்தே தெரியும்."

அத்தை கம்பவுண்டர் சம்சாரம். தெருவுல யாருக்குக் கடுதாசி வந்தாலும் படிச்சிக் காட்டறவங்க. அதனால யார் வீட்டு விஷயத்துலயும் அவங்களுக்கு ஒரு தீர்ப்பு உண்டு.

"எங்க வீட்டுல கட்டலாமா அத்தை?" ஜெபகுமாரி மெல்லக் கேட்டா. "அவரு எழுதியிருந்தாரே..."

அவ புருஷன் பிரபுதாஸ் பட்டாளத்துல சேந்து பர்மா பக்கம் போனவன். 'கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கும். நட்சத்திரம் கட்டி வை. ரயிலை விட்டு இறங்கினதும் அதைப் பாத்துகினே வந்துடறேன்'னு எழுதியிருந்தான். அதைப் படிச்சிக் காட்டினதும் பிரேமகுமாரி அத்தைதான். அதுக்கப்புறம் எட்டு மாசமா ஒரு வரி இல்ல. ஜெபகுமாரி பூ வெச்சிகினு வெளிய வந்தா, தெருவுல பாதி பேரு வேற பக்கம் பாத்தாங்க.

"கடுதாசியே வராத வீட்டுக்கு நட்சத்திரம் எதுக்குடி?" னாங்க அத்தை. "அதுவும் பள்ளத்துல. தவளைதான் பாக்கும்."

ஜெபகுமாரி முந்தானையை விரல்ல சுத்திகினு நின்னா.

"அட, இருங்க அத்தை" னான் ஜெயபால். "சீட்டுப் போட்டுடலாம். ஏழு வீடு, ஏழு சீட்டு. கர்த்தர் யார் வீட்டைக் காட்டறாரோ அங்க கட்டுவோம். அவரு கிட்டயும் சண்டைக்குப் போவீங்களா?"

அவனே எழுதினான். அவனே சுருட்டினான். செம்புல போட்டுக் குலுக்கினான்.

"எல்லப்பன் எடுக்கட்டும். நம்ம தெரு ஆளும் இல்ல, எழுத்தும் தெரியாது."

ஆடியில காவடி கட்டற எல்லப்பன்தான் நட்சத்திரத்துக்கும் மூங்கில் வளைச்சிக் கட்டறவன். கையைத் தொடைச்சிகினு வந்து ஒரு சீட்டை எடுத்தான். ஜெயபால் பிரிச்சிப் படிச்சான்.

"ஜெபகுமாரி அக்கா!"

ஜெபகுமாரி வாயைப் பொத்திகினு அப்படியே தரையில உக்காந்துட்டா.

"நில்லுடா" னாங்க அத்தை. "மீதி ஆறு சீட்டையும் குடு."

"எதுக்கு அத்தை?"

"எல்லார் பேரையும் எழுதியிருக்கியான்னு பாக்கணும்."

"கர்த்தர் மேலயே சந்தேகமா?"

"அவர் மேல இல்லடா நைனா. உன் மேல."

தெருவே சிரிச்சிது. ஜெயபாலுக்கு மட்டும் சிரிப்பு வரல. அத்தை செம்பைப் புடுங்கிகினாங்க.

அவங்களுக்குக் கிட்டப் பார்வை. மூக்குல ஒட்டற மாதிரி வெச்சி ஒரு சீட்டைப் பாத்தாங்க. இன்னொண்ணைப் பிரிச்சிப் பாத்தாங்க. அப்புறம் தரையில உக்காந்திருந்த ஜெபகுமாரியைப் பாத்தாங்க.

தொண்டையைக் கனைச்சிகினு படிக்க ஆரம்பிச்சாங்க.

"சத்தியநாதன்."

படிச்ச சீட்டு, நட்சத்திரம் ஒட்டப் பசை காய்ச்சிகினு இருந்த அடுப்புல போச்சி.

"தேவசுந்தரி."

அதுவும் போச்சி. இப்படியே ஆறையும் படிச்சாங்க. கடைசி சீட்டுக்கு மட்டும் கொஞ்சம் நேரமாச்சி.

"பிரேமகுமாரி. ஆங், என் பேரும் இருக்குது. எல்லாம் சரியாத்தான் இருக்குது. இன்னா வேடிக்கை? போங்க, போய் வேலையைப் பாருங்க."

அத்தையும் போறப்போ திரும்பி ஜெயபாலைக் கூப்பிட்டாங்க. "எங்க வீட்டு நீட்டு மூங்கிலை எடுத்துகினு போடா. பள்ளத்துல இருந்து ரயிலடிக்குத் தெரிய வேணாமா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் கையெழுத்து இன்னும் கோணலாத்தாண்டா இருக்குது" னாங்க.

சாயங்காலம் ஜெபகுமாரி வீட்டுக் கூரை மேல மூங்கிலைக் கட்டும்போது எல்லப்பன் கேட்டான்: "அதான் அந்தம்மாவே எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாங்களே. நீ எதுக்குடா இன்னும் வேர்த்துகினு இருக்கற?"

ஜெயபால் முடிச்சைப் பல்லால இறுக்கினான்.

"சரியா எங்கடா இருந்துச்சி? ஏழு சீட்டுலயும் ஜெபகுமாரின்னுதானே நான் எழுதினேன்."