நரம்பு வருத்தம்

ஓட்டமாவடி ஆற்றங்கரை வீட்டு வாசலில், சாயும் வெயில் தையல் மெசினின் சக்கரத்தில் மின்னுகிறது. அதை விற்றுவிடக் குனிந்து தூக்கப் பார்க்கிறான் ஜிப்ரி. "பொஞ்சாதிக்கு நரம்பு வருத்தம். ஊசியக் கையில குடுக்கேலா," என்கிறான் வாங்க வந்தவனிடம். மெசின் முன்னால் அமர்ந்திருக்கும் அவன் மனைவி ஸகியாவின் கழுத்தில் நாடி விறுவிறுவென்று துடிக்கிறது. தாறுமாறாக அடித்த இதயத்தைக் கம்பி விட்டுச் சுட்டுச் சரிசெய்த டொக்டர், அதன் வேகத்தை அடக்கும் நரம்பிலும் சூடு பட்டிருக்கிறது, கொஞ்சக் காலம் விரைவாகத்தான் அடிக்கும், பயமில்லை என்றார். அதில் நரம்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஜிப்ரி ஊரெல்லாம் இவளைப் பைத்தியமாக்கிவிட்டான். "சுட்டது நெஞ்சுக்குள்ள, மண்டைக்குள்ள இல்ல!" ஸகியா மெசினை மிதிக்கிறாள். குனிந்து நிற்கும் ஜிப்ரியின் தோளிலிருந்து தொங்கும் சால்வை நுனி, ஊசிக்கடியில் கிடக்கும் பள்ளிச் சட்டையோடு சேர்ந்து தைபடுகிறது. அவனால் நிமிர முடியவில்லை. "நல்லாப் பாருங்க, ஒரு தையலாவது கோணியிருக்கா?" என்கிறாள் வாங்க வந்தவனிடம்.