நிறுத்திய பாட்டு

கடற்கரைத் தகவல் மையத்தின் கணினி சேதுராமன் பொறுப்பில் இருந்தது. அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற கட்டளைப் பட்டியல் தினமும் நண்பகலில் பாட்டு புரோகிராமைத் தொடங்கும். அது விடியலிலும் அந்தியிலும் ஒலிபெருக்கியில் பாடும். தொடங்கிய புரோகிராமின் எண்ணை ஸ்கிரிப்ட் குறித்துவைக்கும்; அதை நிறுத்த அந்த எண் வேண்டும். புயல் செய்தி வந்தால் அலறும் புரோகிராமையும் முந்தின நாள்தான் அந்த ஸ்கிரிப்டின் கடைசியில் சேர்த்திருந்தான்.

அந்தியில் ஊர்ப் பெரியவர் ராக்கப்பன் ஓடிவந்தார்.

"ஏலே சேது, பூமயில் கிழவி செத்துப்போச்சு. பாட்டை நிறுத்துடா. சாவு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

சேதுராமன் ஸ்கிரிப்ட் குறித்திருந்த எண்ணைக் கணினியில் கொடுத்து நிறுத்தத் தட்டினான். பாட்டு ஓய்ந்தது.

"அடேயப்பா, ஒரு தட்டுல அடங்கிருச்சே!"

வள்ளத்தில் கூலிக்குப் போகும் சேதுராமனின் தம்பி மலையாண்டி வாசலில் நின்றான்.

"அண்ணே, கடலுக்குப் போகலாமா?"

"புயல்னா ஸ்பீக்கரே கத்தும். கத்தலைன்னா போ."

"அப்பப் போயிட்டு வாரேன்."

இரவெல்லாம் காற்று கூரையைப் பிய்த்தது. ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.

விடியலில் திறந்தது. பாட்டு பாடியது.

நிறுத்திய பாட்டு எப்படிப் பாடும்? சேதுராமன் மையத்துக்கு ஓடித் திரையைப் பார்த்தான். அந்திப் பாட்டு, அவன் தட்டிய அதே நேரத்தில், தானே முடிந்திருந்தது. ஸ்கிரிப்ட் வைத்திருந்தது கடைசியாகத் தொடங்கிய புரோகிராமின் எண்ணை மட்டும்தான். அவன் நிறுத்தியது புயல் புரோகிராமை.

வாசலில் ராக்கப்பன் நனைந்து நின்றார்.

"ஏலே சேது, பாட்டை நிறுத்துடா."

"இன்னைக்கு யாரு மாமா?"

"வள்ளம் மட்டும் கரைக்கு வந்துச்சுடா. இன்னைக்குச் சாவு வீடு உன் வீடுதான்."