ஐந்தாவது விளக்கு

பழம்பொருள் வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை முதல் விளக்கின் திரி மூக்கை நகத்தால் சுரண்டினார். கரி உதிர்ந்தது. போலி என்று தள்ளி வைத்தார்.

இரண்டாவதும் உதிர்ந்தது. மூன்றாவதும், நாலாவதும்.

ரங்கூன் லான்மடாவ் தெருக் கடைக்காரர் செல்லையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ரோமாபுரி விளக்குகள், சூயஸ் வழியாக வந்த கப்பல்காரர்களிடம் வாங்கியவை என்று சத்தியம் செய்திருந்தார். அசல் ஒன்று அவரிடம் இருந்தது உண்மைதான். அதில் அச்செடுத்து, மண்டியிட்ட வாள்வீரனைப் பதித்து, மண்ணெண்ணெய்ப் புகையில் மூக்கைக் கறுப்பாக்கியவன் வாசலோரம் நின்ற குயவன் கருப்பையா.

அவன் வந்தது ஐந்தாவது விளக்குக்காக. வந்து சேர்வதற்குள் துரை உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து நாளைக்கு முன் அவன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வேறு அகல் இல்லை. சூளையிலிருந்து எடுத்த ரோமாபுரி விளக்கு ஒன்றைத்தான் தலைமாட்டில் ஏற்றினான். அன்றிலிருந்து அணையாமல் காத்தான். நேற்று கருமாதிக்குச் சொல்லிவரப் போன நேரம், கடை ஆள் வந்து அதை ஊதி அணைத்து, மற்றவற்றோடு அள்ளிக்கொண்டு போய்விட்டான். நாளை பதினாறு. அந்த விளக்கை ஆற்றில் விட வேண்டும்.

இதையும் போலி என்று தள்ளிவிட வேண்டும், சாமி என்று வேண்டிக்கொண்டான். சொந்தத் தொழிலுக்கே கேடு வேண்டியவன் ரங்கூனில் அவன் ஒருவன்தான்.

வெளியே டிராம் மணி அடித்தது. துரை ஐந்தாவதைச் சுரண்டினார். கரி அசையவில்லை. இரவும் பகலும் எரிந்ததில் எண்ணெய் மண்ணுக்குள் ஊறியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

கருப்பையாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அதை மட்டும் குடுத்துருங்க. செத்தவ தலைமாட்டுல எரிஞ்ச வெளக்கு அது!"

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார்.

செல்லையாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. செத்துப்போன ஒருத்தியின் தலைமாட்டில் எரிந்த விளக்காம் என்று அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

துரை தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர். விளக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார்.

"ரெண்டாயிரம் வருசமாச்சு, அந்தப் பொம்பளை பேருகூட நமக்குத் தெரியாமப் போச்சேன்னு வருத்தப்படுறாரு" என்றார் செல்லையா.

"பவுனம்மா" என்றான் கருப்பையா.

செல்லையா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.