அணைக்காத லாரி

"அணை! அணைன்னு எத்தனை தடவை சொல்றது?"

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. முன்னால் நாலு பஸ், பின்னால் ஏழெட்டு வண்டி. எல்லாரும் இன்ஜினை நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்துல் ஜலீலின் லாரி மட்டும் நின்ற இடத்திலேயே தடதடத்துக்கொண்டு கரும்புகை கக்கியது.

ஜலீலுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? பன்னிரண்டு வருஷம் சவூதி வெயிலில் காய்ந்தவர், அங்கிருந்தபடியே காசு அனுப்பி வாங்கிய லாரி. அவர் ஊரோடு வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. டீசல் பில்லைப் பார்த்ததுமே தலை சுற்றிவிட்டது. எந்தப் பூதம் இவ்வளவு குடிக்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாமென்று, தஞ்சாவூரில் அரிசியை இறக்கிவிட்டுக் காலியாக மன்னார்குடி திரும்பும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பூதம் பக்கத்திலேயே இருந்தது. டிரைவர் மரியஅந்தோணி. டேப்பில் பாட்டு வேறு கேட்டுக்கொண்டிருந்தது.

ஜலீல் பாட்டைப் பட்டென்று நிறுத்தினார். "காது கேக்கலையா? இன்ஜினை அணைய்யா!"

"அணைச்சா கிளம்பாதுங்க முதலாளி. செல்ப் மோட்டார் போயிருச்சு. காலையில மில்லு சரிவுல உருட்டிவிட்டுத்தான் கிளப்புனேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாங்க."

"ரெண்டு வருஷமா! அங்க என் கம்பெனில, நிக்கிற வண்டி மூணு நிமிஷம் ஓடிக்கிட்டு இருந்தாலே டிரைவர் சம்பளத்துல பிடிச்சுடுவான். இங்க கேக்க ஆளில்லன்னு நினைப்பு!"

கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் மங்களாம்பிகை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏன்யா, இப்படிப் புகையை விட்டா எவன் வாங்கித் திம்பான்? இந்த வண்டி வந்து நின்னதிலேர்ந்து இருமி இருமி நெஞ்சு வலிக்குது."

"கேட்டியா?" ஜலீலுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "இந்த அம்மா என்ன பாவம் பண்ணுச்சு? நம்ம லாரிப் புகையை இது எதுக்கு முழுங்கணும்? மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்?"

"முதலாளி, வேணாங்க..."

ஜலீல் காதில் வாங்கவில்லை. எட்டி, இன்ஜினை நிறுத்தும் கொக்கியைத் தானே இழுத்துவிட்டார். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

"நல்லாயிருப்பீங்க" என்றாள் மங்களாம்பிகை.

ஜலீல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ரயில் போனது. கேட் திறந்தது. முன்னால் நின்ற நாலு பஸ்ஸும் போய்விட்டன. அந்தோணி சாவியைத் திருப்பினார். டொக். மறுபடி திருப்பினார். டொக்.

பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. "யோவ், வண்டியா அது, எடுய்யா ஓரமா!" என்று பஸ் கண்டக்டர் ஓடி வந்தார். திட்டிக்கொண்டே பதினைந்து இருபது பேர் இறங்கிக் கை கொடுத்தார்கள். மங்களாம்பிகைகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினாள். தண்டவாளம் தாண்டிய பிறகுதான் லாரிக்கு உயிர் வந்தது. அந்தோணி அதை ஓரங்கட்டினார். அணைக்கவில்லை.

ஜலீலுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தள்ளியவர்கள் எல்லாம் இன்னும் லாரியைச் சுற்றித்தான் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினார்.

"செல்ப் மோட்டார் போனா மாத்தணும்னு தெரியாதா உனக்கு?"

"மூணு தடவை கேட்டேங்க."

"யாரை?"

"உங்க மச்சானைத்தாங்க."

மச்சான் என்றால் மீரா உசேன், ஜலீலின் மனைவிக்கு அண்ணன். இத்தனை வருஷமும் லாரியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"மச்சான் வேணாம்னாரா?"

"அவரு வேணாங்கலைங்க."

"பின்னே எவன் வேணாம்னான்? சொல்லு! ரெண்டு வருஷமா என் டீசலைக் கரியாக்குனவன், ஊர் சனத்தைப் புகையில வாட்டுனவன் எவன்? அவனை இதே கேட்டுல நிக்கவச்சு நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்!"

அந்தோணி சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்ல மாட்டே. எல்லாம் கூட்டுக் களவாணிங்க. மன்னார்குடி போனதும் சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடு. நாளையிலேர்ந்து வர வேணாம்."

அந்தோணிக்கு வீட்டில் ஐந்து வாய். தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். கையை நீட்டி ஜலீல் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினார். உள்ளே வந்திருந்த புகை உள்ளேயே தங்கிவிட்டது. ஜலீல் இருமினார்.

"நாலு பேர் காதுல விழ வேணாம்னுதாங்க பேசாம இருந்தேன்" என்றபடி பாட்டுக் கேசட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "மூணாவது தடவை கேட்டப்ப, இனிமே என்னைக் கேக்காத, நீயே கேட்டுக்கன்னு மச்சான் இதைக் கையில குடுத்துட்டாருங்க."

டேப் கரகரத்தது. பிறகு குரல் வந்தது. கடுதாசி எழுத நேரமில்லாமல், சவூதியிலிருந்து ஜலீல் தானே பேசி அனுப்பிய குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். லாரிக்கு செல்ப் மோட்டார் மாத்தணும்னு எழுதியிருந்தீங்க. அதெல்லாம் தண்டச் செலவு, வேணாம். காலையில கிளப்புனா பொழுது சாயற வரைக்கும் அணைக்காம வச்சுக்கச் சொல்லுங்க. நிக்கிற வண்டி பெரிசா என்ன டீசல் குடிச்சுடப் போவுது? புகை வருதுன்னு எவனாவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. அதை நானா வந்து முழுங்கப் போறேன்?"