இருபத்திரண்டாவது அடி

பதினைந்து அடி வரை செம்மண்தான் வந்தது.

ஒவ்வொரு பிடி மண்ணையும் அவன் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். வெறும் மண் வாசம். அப்பாடா என்றிருந்தது.

இந்த மாதத்தில் இது நான்காவது பெட்ரோல் பங்க். நிலத்தடித் தொட்டியில் ஓட்டை. ஒழுகியது எவ்வளவு தூரம் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று பார்க்கிற வேலை. இங்கே போட்ட முதல் மூன்று குழிகளிலும் பெட்ரோல் நாற்றம்.

இது கடைசிக் குழி. மதில் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் பத்து லைன் வீடுகள், நடுவில் ஒரு கிணறு.

இதிலாவது இல்லாமல் தொலையட்டும்.

பெட்ரோல் கம்பெனியிலிருந்து காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்கள். சுவருக்கு உள்ளே மட்டும் பாருங்கள். வெளியாட்களிடம் பேச்சு வேண்டாம்.

வெளியாட்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள். சுவரின் இடிந்த மூலை வழியாக, குடங்களோடு, ஆறு பெண்கள். போர் மிஷின் சத்தம் கேட்டால் தண்ணீருக்குத்தான் என்று யாருக்குத்தான் தோன்றாது.

முன்னால் நின்றவள் சுலோச்சனா. லைன் வீடுகளுக்கு ஒரு போர் கேட்டு ஏழு வருடமாக மனு எழுதுகிறவளாம். தட்டில் தேங்காயும் சூடமும் வைத்திருந்தாள்.

“இங்க நெருப்பு பத்த வைக்கக் கூடாதுங்க.”

சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மிஷின் ஓட்டுகிற அர்த்தனாரியிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். டீசல் புகைக்கு நடுவே நின்றவர் பாதியை அண்ணாந்து குடித்துவிட்டு மீதியைக் கீழே வைத்தார்.

இது தண்ணீருக்குப் போடுகிற போர் இல்லை என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அலுப்பா, பயமா, அவனுக்கே தெரியவில்லை.

இருபத்திரண்டாவது அடியில் ஈரம். பிறகு தண்ணீர்.

அர்த்தனாரி திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருடம் வீடு வீடாகப் போர் போட்டவர். முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் வைத்து, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். பங்க்குகளில் அது கூடவே கூடாது என்று அவன் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தான். அவர் கை கேட்டால்தானே.

“நல்ல தண்ணி…”

நிறுத்தினார். துப்பினார்.

சுலோச்சனா குனிந்து அவர் கையில் மிச்சமிருந்த தண்ணீரை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அவள் முகம் தெளிந்தது.

“எங்க கெணத்துலயும் இதே வாசந்தானுங்க. ரெண்டு மாசமா. எங்க கெணறு மட்டும் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டு இருந்தனுங்க. புது போர்லயே இப்படின்னா, இந்தப் பூமித் தண்ணியே இப்படித்தானாட்ட இருக்குது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். எவ்வளவு நாள் கவலையோ, எல்லோர் முகத்திலும் நிம்மதி.

அவனுக்குத் தாங்கவில்லை.

போனில் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

“அதைக் குடிக்காதீங்க. பெட்ரோல் எறங்கியிருக்கு. இனி ஒரு சொட்டுகூடக் குடிக்காதீங்க.”

“காய்ச்சிக் குடிக்கலாங்களா?”

“கூடாதுங்க.”

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“சோத்துக்கு ஒல வெச்சுட்டு வந்தனுங்களே,” என்றாள்.

தட்டை மண்ணில் வைத்துவிட்டு ஓடினாள். குடங்களும் பின்னாலேயே போயின.

அர்த்தனாரி புறங்கையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அவன் சொம்பை எடுத்தான். மாதிரி எடுக்கிற பெட்டியில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. சொம்பில் இருந்த கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றி மூடினான். பாட்டிலில் ஒட்டுகிற சீட்டில் ‘இடம்’ என்ற கட்டத்துக்கு எதிரே எழுதினான்.

சுவருக்கு வெளியே.