முதுகில் ஒரு முடிச்சு

படகுத்துறைக் கொட்டகையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். படகு வாடகைக்கு விடும் பெரியவர், அவருடைய மைத்துனன், தூண்டில் போட வந்த கண்ணாடிக்காரர், துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண். ஐந்தாவது ஆள், அவளுடைய கணவர், இன்னும் ஏரிக்குள் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கரையில் வளையம் எறியும் கடை மூடிக் கிடந்தது. பந்து விளையாடிய பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டியாகிவிட்டது. எதிர்க்கரையை விழுங்கிய பனிமூட்டம் இந்தப் பக்கம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்குள் எங்கோ மீட்புப் படகின் மோட்டார் பல்வலி மாதிரி விட்டு விட்டுக் கேட்டது.

கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவளைக் கரை சேர்த்தவர் கண்ணாடிக்காரர்தான். வந்ததும் அவள் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள், அது அசையவில்லை. பெரியவர் அவளுக்குப் பின்னால் போய் நின்று நாடாவை அவிழ்த்துவிட்டார்.

நடு ஏரியில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கும் ஆசாமிகளுக்காகவே, நாடாவை முதுகுப்பக்கம் கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுவது பெரியவரின் வழக்கம். இன்றைக்கு இந்தத் தம்பதிக்கும் அப்படித்தான் கட்டிவிட்டிருந்தார். நனைந்தால் இன்னும் இறுகும் முடிச்சு. முன்பக்கம்தான் கட்ட வேண்டும் என்று ஏரி நிர்வாகம் இரண்டு தடவை நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. மூன்றாவது தடவை என்றால் உரிமம் ரத்து.

மைத்துனன் பெரியவரை ஓரமாக இழுத்தான்.

"மாமா, அந்த ஆளு படகுக்கு அடியில மாட்டிக்கிட்டு, அந்த முடிச்சாலயே வெளிய வர முடியாம... அப்படி ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"வாயை மூடு."

"நான் மூடிக்கறேன். இப்ப ஜீப்ல வர்ற போலீஸ்காரங்க வாயை யாரு மூடறது? நாப்பது வயசுக்கு மேல நான் எங்க போய்த் துடுப்புப் போடுவேன்?"

பெரியவரும் இரண்டு சுற்றுத் தேடிவிட்டு வெறும் கையோடு திரும்பியவர்தான். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

கண்ணாடிக்காரர் மறுபடியும் படகெடுத்துப் போனார். கால் மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, அவர் கையில் ஒரு லைஃப் ஜாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"இது மட்டும் தனியா மிதந்துச்சு" என்றார். பெண் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் கிழியவில்லை, அறுபடவில்லை. முடிச்சு அவிழ்ந்து நாடா இரண்டும் நீளமாகத் தொங்கின. மைத்துனனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஆள் முடிச்சில் மாட்டிச் சாகவில்லை. இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

பெரியவர் அவள் எதிரே குந்தினார். "என்னம்மா நடந்துச்சு?"

"போட்டோ எடுக்கணும்னு இதைக் கழட்டினாருங்கய்யா. வேணாம்னு சொன்னேன், கேக்கல. எந்திரிச்சு நின்னாரு, படகு கவுந்துடுச்சு. அவருக்கு நீச்சல் தெரியாது."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"அந்தக் கோடியில. துடுப்பு என் கையிலதான் இருந்துச்சு."

"அவர் பக்கத்துல போகலையா?"

"நகர்ந்தாலே படகு ஆடுச்சுங்கய்யா. இருந்த எடத்துலயே இருந்து கத்தினேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. போலீஸ் வரட்டும், நானே சொல்றேன். அவராத்தான் கழட்டினாரு."

மைத்துனனுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. புருஷனைப் பறிகொடுத்த நேரத்திலும் அடுத்தவன் பிழைப்பை நினைக்கிறாளே! இவள் அல்லவா மனுஷி.

பெரியவர் வெகுநேரம் நாடாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"ஈரத்தோட எவ்வளவு நேரம்மா இருப்பீங்க? சாமான் அறையில காஞ்ச துணி கிடக்கு. போய் மாத்திக்கங்க."

அது ஜன்னல் இல்லாத அறை. விளக்கைப் போட்டு அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்து நின்றார். மைத்துனன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாமா. அந்தம்மா சொன்னாப் போதும். பின்னால கட்டினோம்னு நாமளா வாயைத் திறக்க வேணாம்."

"திறந்துதான் ஆகணும், மாப்ள."

"பைத்தியமா உங்களுக்கு? உரிமம் போயிடும்!"

"போகட்டும்."

பெரியவர் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் இழுத்தார். படகுச் சங்கிலிக்குப் போடும் பெரிய பூட்டை எடுத்து மாட்டிச் சாவியைத் திருப்பினார். உள்ளே துணி சரசரத்த சத்தம் சட்டென்று நின்றது.

"மாமா! பாவம், அந்தம்மாவைப் போய் எதுக்குப் பூட்டறீங்க?"

பெரியவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அந்த முடிச்சை அடுத்தவங்க கைதான் அவுக்க முடியும், மாப்ள."